மூன்றுக்கும் எடை 132

ஜூன் 3, செவ்வாய்

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், யாரிடம் என்று தெரியாவிட்டாலும். நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு என் நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. எங்கள் வீட்டில் பேனாவை எடுத்தால் கையெழுத்துப் போடத்தான் எடுப்பார்கள். ஆனால் எங்கள் ஆய்வகத்தின் வசுமதி மேடம் இன்று சொன்னார்: "மெஷின் ஓடாத நாள்லயும் என்ன நடந்துச்சுன்னு எழுதி வை மாதேஸ்வரி. எது காரணம்னு அப்புறம்தான் தெரியும்." ஆய்வு நோட்டில் எழுதத் தகுதியில்லாதவற்றுக்காக இந்த நோட்டை வாங்கினேன்.

என் வேலையை அக்காவுக்குச் சொன்ன மாதிரியே இங்கும் எழுதுகிறேன். விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய ஒரு வாய்க்கால் வளைந்து வளைந்து போகிறது. இதை சிப் என்கிறோம். ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து எடுத்த சாற்றை ஒரு முனையில் விட்டால், அதில் கலந்திருப்பவை வாய்க்காலில் ஓடும்போது முன்னும் பின்னுமாகப் பிரிய வேண்டும். மறுமுனையில் பொருத்திய ஊசி வழியாகத் தூறலாக மாறி, மாஸ் மெஷினுக்குள் போக வேண்டும். அந்த மெஷின் ஒவ்வொரு பொருளின் எடையையும் சொல்லும்.

"வாய்க்கா வெட்டித் தண்ணி பாய்ச்சறதுக்கா உன்ன மெட்ராசுக்கு அனுப்புனோம்? அத இங்கயே பண்ணியிருக்கலாமே" என்று கேட்டாள் அக்கா.

இன்று தூறல் வரவில்லை. ஊசி முனையில் ஒரு துளி தொங்கியது. விழுந்தது. மறுபடி தொங்கியது.

ஜூன் 6, வெள்ளி

மாஸ் மெஷின் அறை தாஜுதீன் அண்ணாவின் பொறுப்பு. பத்து ஆய்வகங்கள் பங்கிட்டுக்கொள்ளும் மெஷின் அது. எனக்கு செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கையில் கிரீம் தடவியிருந்தால் வாசலோடு சரி.

இன்று தூறல் வந்தது, இரண்டு நிமிடம். பிறகு ஊசி அடைத்துக்கொண்டது.

"ரத்தத்துல இருக்கற உப்பு அப்படியே வருதும்மா. இவளுக்கு உப்பே ஆகாது. பிரஷர்காரி" என்று மெஷினைத் தட்டிக்கொடுத்தார் அண்ணா. "நல்லாக் கழுவிட்டுக் குடு. சாப்பிடுவா."

நான் சிரித்தேன். இங்கே நான் சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். ஏழாம் மாதம் நடக்கிறது.

"என்னடி, உன் மெஷினு சாப்ட்டுதா?"

"ரெண்டு நிமிஷம் சாப்ட்டுதுக்கா."

"எம் புள்ள ராத்திரியெல்லாம் உதைக்குது. உங்க மாமா வயித்துல காத வெச்சிக் கேட்டுட்டு, மாட்டு வண்டி போற சத்தம் கேக்குதுங்கறாரு. அந்தாளுக்கு எங்க கேட்டாலும் மாட்டு வண்டிதான்."

மாமா என்றால் எங்கள் அம்மாவின் தம்பி சின்னராசு. அவரைத்தான் அக்கா கட்டியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெண் வெளியே போகாது, அடுத்த தெருவுக்குத்தான் போகும்.

போனை வைப்பதற்கு முன் அக்கா சொன்னாள்: "நர்சம்மாகிட்ட சொல்லிட்டேன் மாதி. இந்தப் புள்ள மேல ஒரு ஊசி பட உடமாட்டேன். தடுப்பூசி எல்லாம் மூணு மாசம் ஆவட்டும். மொதப் புள்ளைய எத்தன எடத்துல குத்துனாங்க தெரியுமா? இருபத்தேழு. நான் எண்ணுனேன். பொட்டு வெக்க எடமில்லாம குத்துனாங்க."

"ம்" என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

நாங்கள் தேடும் பொருள்கள் மூன்று. லியூசின், ஐசோலியூசின், அல்லோ ஐசோலியூசின். முதல் இரண்டும் எல்லோருடைய ரத்தத்திலும் இருக்கும். மூன்றாவது அதிகமாகத் தென்பட்டால் குழந்தைக்கு ஒரு நோய் இருக்கிறது என்று அர்த்தம். தாய்ப்பாலில் உள்ள புரதத்தையே அதன் உடம்பால் முழுதாகச் செரித்து முடிக்க முடியாது. மிச்சம் ரத்தத்தில் சேர்ந்து விஷமாகும்.

சிக்கல் என்னவென்றால் மூன்றுக்கும் ஒரே எடை. மெஷினில் மூன்றுமே 132 என்றுதான் வரும். எடை மட்டும் பார்க்கிற மெஷினுக்கு இது வேறு, அது வேறு என்று தெரியாது. அதனால்தான் வாய்க்கால். அங்கேயே பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப வேண்டும்.

மேடம் ஒரு கட்டுரை கொடுத்தார். பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். நாலைந்து நாளில் பால் குடிக்க மறுக்கும். சொந்தத்தில் கல்யாணம் செய்துகொள்ளும் இடங்களில் இது கொஞ்சம் அதிகம். அடையாளங்கள் என்று அடுத்த பத்தி தொடங்கியது. முதல் வரி படித்தேன். மீதியை நாளை படிக்கலாம்.

ஜூன் 14, சனி

படிக்கவில்லை. துணி துவைத்தேன். போர்வையும் துவைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

தூறல் நாற்பது நிமிடம் நின்றது. மூன்றையும் கலந்து விட்டேன். திரையில் ஓடும் கோட்டில் மூன்று முகடுகள் வர வேண்டிய இடத்தில் ஒரே முகடு, யானை முதுகு மாதிரி அகலமாக.

"மூணு பேரும் கை கோத்துக்கிட்டு வர்றாங்க" என்றார் அண்ணா.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் யானை முதுகு. விடுதியில் வெந்தயக் குழம்பு. வாளியைத் திறந்ததும் எழுந்து வந்துவிட்டேன். பிடிக்காதா என்று அறைத்தோழி கேட்டாள். ஐந்து வருடமாகப் பிடிக்காது என்றேன். அதென்ன கணக்கு என்று சிரித்தாள்.

ஜூன் 26, வியாழன்

எங்களுக்கு ரத்தம் தரும் மருத்துவமனைக்கு மேடம் என்னை அனுப்பினார். எப்படி எடுக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொன்னார். குழந்தை பிறந்த இரண்டாம் நாள், அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு எடுக்கிறார்கள். அதில் ஒரு சொட்டு எங்களுக்கு.

ரோஸ்மேரி சிஸ்டர் ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழந்தையின் குதிகாலில் சுற்றி வைத்தார். "சூடு பட்டா ரத்தம் தானா வரும். பிதுக்க வேணாம். பிதுக்குறவங்களக் கண்டா எனக்கு ஆகாது" என்றார். பிறகு குதிகாலின் ஓரத்தில் ஒரே ஒரு குத்து. குழந்தையைவிட அதன் அம்மா அதிகம் அழுதாள். ரத்தத்தை ஒரு தடித்த தாளில் வட்டத்துக்குள் தொட்டு எடுத்தார்கள். காய்ந்தால் குங்குமம் சிந்திய மாதிரி இருக்கிறது.

குழந்தை எவ்வளவு நேரம் அழுகிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது.

"உங்க வீட்ல யாருக்காவது டெலிவரியாம்மா? இப்படிப் பாக்கற" என்று கேட்டார் சிஸ்டர்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

யானை முதுகு. வாய்க்காலை நீளமாக்கிப் பார்த்தோம். இன்னும் பெரிய யானை.

ஜூலை 11, வெள்ளி

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

இன்று மெஷினை ஓட்டாமல், அதன் பக்கத்தில் நுண்ணோக்கியை வைத்துக்கொள்ளட்டுமா என்று அண்ணாவிடம் கேட்டேன். காலையிலிருந்து தயங்கி, கேட்பதற்கே பதினொரு மணி ஆகிவிட்டது. "இதக் கேக்கவா கதவுக்கிட்டயே நின்னுட்டிருந்த? நான் காத்து வாங்கறன்னு நெனச்சேன்" என்றார்.

கேசரிக்குப் போடும் சிவப்பையும், இங்க் நீலத்தையும் கலந்து சிப்பில் விட்டேன். கண்ணை வைத்துப் பார்த்தேன். வாய்க்காலில் இரண்டும் அழகாகப் பிரிந்தன. முன்னால் நீலம், பின்னால் சிவப்பு, நடுவில் வெறும் தண்ணீர். வளைவுகளில்கூடக் கலக்கவில்லை. ஐந்து வாரமாக நான் குறை சொல்லிக்கொண்டிருந்த வாய்க்கால் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

கலந்தது ஊசி சேரும் இடத்தில். கண்ணாடிக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சின்னக் குழி. கடுகை ஆயிரமாக உடைத்தால் ஒரு துணுக்கு வருமே, அதைவிடச் சிறிது. நீலம் அதற்குள் போய்ச் சுழன்று தங்கியது. சிவப்பு வந்து சேர்ந்தது. இரண்டும் ஊதாவாகி ஊசிக்குள் போயின.

அந்த ஊசியின் அடியை வெட்டியது நான். கோணலாக வெட்டியிருக்கிறேன். அதனால்தான் கண்ணாடியோடு ஒட்டாமல் இடைவெளி விழுந்திருக்கிறது.

அண்ணாவும் கண்ணை வைத்துப் பார்த்தார். "அங்க இருந்து பிரிச்சுக் கூட்டிட்டு வந்து, வாசல்ல வெச்சுக் கலந்து உட்டுருக்கியேம்மா."

"நான்தான் அண்ணா கோணலா வெட்டிட்டேன்."

"சரி, வெட்டிட்ட. நேரா வெட்டு. இதுக்கு எதுக்குக் கண்ணு கலங்குது?"

நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் பார்த்ததால் என்றேன்.

ஜூலை 16, புதன்

மூன்று நாளாக ஊசியின் அடியை உப்புத்தாளில் தேய்க்கிறேன். மிக மெல்லிய உப்புத்தாள், தொட்டால் பட்டுத் துணி மாதிரி இருக்கும். பத்து ஊசி உடைந்தது. பதினொன்றாவது நேராக வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மூன்று முகடுகள்.

முதலில் அல்லோ ஐசோலியூசின். மூச்சு விடும் நேரம் கழித்து ஐசோலியூசின். பிறகு லியூசின். நடுவில் கோடு தரையைத் தொட்டு எழுந்தது. ஐந்து முறை ஓட்டினோம். ஐந்து முறையும் அதே வரிசை, அதே இடம்.

அண்ணா கேன்டீனிலிருந்து சமோசா வாங்கி வந்தார், அறைக்கு வெளியே நின்று சாப்பிட்டோம். மேடம் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு "வீட்டுக்குச் சொன்னியா?" என்று கேட்டார்.

விடுதிக்கு வந்து, ஜூன் 13 அன்று மூடி வைத்த கட்டுரையை எடுத்தேன். மூன்று முகடும் வந்தால் படிப்பது என்று எனக்குள் ஒரு சாக்கு வைத்திருந்தேன். அந்தச் சாக்கு தீர்ந்துபோனது.

அடையாளங்கள். பால் குடிக்க மறுத்தல். அழுகை மெலிதல். உடம்பு வில்லாக வளைதல். சிறுநீரில் காய்ச்சிய பாகு போன்ற, வெந்தயம் போன்ற வாசனை.

படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதனால்தான் படிக்காமல் இருந்தேன்.

அக்காவின் முதல் குழந்தை பிறந்த நாலாம் நாள். அம்மாதான் துணியை முகர்ந்து பார்த்து, "என்னாடி இது, பாகு காச்சின மாதிரி வாசன வருது" என்றாள். குழந்தை அன்று காலையிலிருந்தே சரியாகப் பால் குடிக்கவில்லை. மாமா "எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். நான் அப்போது பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிப் படி ஏறிய ஒரே ஆள். விடுமுறைக்கு வந்திருந்தேன்.

"அக்கா வெந்தயக் களி சாப்பிடுறால்ல மாமா, அது பால்ல எறங்கி வர்ற வாசன. ஒன்னும் பயப்பட வேணாம்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். தெரிந்த ஒன்றைச் சொல்வதில் அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"படிச்ச புள்ள சொல்லுது" என்றாள் அம்மா. மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஏழாம் நாள்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினொன்றாம் நாள் முடிந்தது.

என்ன நோய் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவும் இல்லை. பெயர்கூட வைக்கவில்லை அந்தக் குழந்தைக்கு. நான்தான் அதற்குப் பிறகு எதையும் யாருக்கும் எடுத்துச் சொல்வதை விட்டுவிட்டேன்.

வெந்தயத்தின் வாசனைக்கும் இந்த நோயின் வாசனைக்கும் காரணம் ஒரே பொருள் என்றும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

மேடத்திடம் சொன்னேன், "தெரிந்த ஒரு வீட்டில்" என்று தொடங்கி. அவர் முழுவதும் கேட்டார். முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குழந்தைக்கு இதுதான்னு நம்மால இனிமே சொல்ல முடியாது. இருந்திருக்கலாம். அப்படி இருந்தா அடுத்த குழந்தைக்கும் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. நம்ம சிப்பு இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, அதுல பார்த்து எந்த வீட்டுக்கும் பதில் சொல்லக்கூடாது. ஆனா முறையா செய்யற டெஸ்ட் இருக்கு. பிரசவத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பழைய கதையச் சொல்லிடணும். பொறந்த ரெண்டாம் நாள் குதிகால்ல எடுத்து அனுப்பணும். சீக்கிரம் தெரிஞ்சுட்டா அதுக்குன்னு தனிப் பால் மாவு இருக்கு. வளர்ற குழந்தைங்க இருக்காங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உங்க அக்காவுக்கு எப்போ?"

நான் அக்கா என்று சொல்லவே இல்லை.

"ஆகஸ்ட் கடைசி மேடம்."

ஜூலை 27, ஞாயிறு

போன் செய்தேன்.

"என்னடி, நீயா போன் பண்ற? மழ வரப் போவுது."

மூன்று முகடு வந்ததைச் சொன்னேன். "அடி என் தங்கமே" என்றாள். மாமாவைக் கூப்பிட்டு, "உங்க மச்சினிச்சி மூணு மல ஏறிட்டாளாம்" என்றாள். மாமா எந்த மலை என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"என்னமோ சொல்ல வந்தியே மாதி?"

"ஒன்னுமில்லக்கா. சாப்ட்டியா?"

"மூணாவது தடவ கேக்கற."

ஜூலை 31, வியாழன்

போனில் முடியாது. ஊருக்குப் போகிறேன். நாளைக்கு எனக்கிருந்த மெஷின் நேரத்தை வேறு ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். தாஜுதீன் அண்ணா காரணம் கேட்கவில்லை. "போயிட்டு வாம்மா. ராணி எங்கயும் போயிட மாட்டா" என்று மெஷினைத் தட்டிக்காட்டினார்.

ஆகஸ்ட் 2, சனி

அக்கா வீட்டில் இருந்து எழுதுகிறேன். அவள் உள்ளே படுத்திருக்கிறாள்.

மதியம் சாப்பிட்ட பிறகு இருவரும் கடலைக்காய் உரித்தோம். அம்மாவும் மாமாவும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அக்காவுக்குக் குனிய முடியவில்லை, முறத்தைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொடுத்தேன். வயிறு அவ்வளவு பெரிதாக இருந்தது. நான் உரித்த பருப்பை எல்லாம் எடுத்துத் தின்றுகொண்டே, மெட்ராசில் எவனையாவது பார்த்து வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். அதைச் சொல்லத்தான் பேருந்து ஏறி வந்தேன் என்று நினைத்திருக்கிறாள்.

"அதில்லக்கா. மொதப் புள்ள விஷயம்."

அவள் கை நின்றது.

சொன்னேன். நாலாம் நாள், வாசனை, களி, மாமாவின் சட்டை. அந்த நோயின் பெயர், மூன்று பொருள், ஒரே எடை, கட்டுரையில் இருந்த வரி. எல்லாவற்றையும் தரையைப் பார்த்தே சொன்னேன். கடைசியில், "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அன்னிக்கே போயிருப்பீங்க. மூணு நாள் என்னாலதான்க்கா போச்சு" என்றேன்.

அவள் ஒரு கடலையை எடுத்தாள். உடைத்தாள். தின்னாமல் முறத்தில் போட்டாள்.

"களியா?" என்றாள். "நான் எங்கடி களி தின்னேன்?"

எனக்குப் புரியவில்லை.

"ஒரு வாய்கூடத் திங்கல. அந்தக் கசப்பு எனக்கு ஆகவே ஆகாது. அம்மா கிண்ணத்த வெச்சிட்டுப் போனதும் பின்னால கன்னுக்குட்டிக்குப் போட்ருவேன். தின்னியான்னு கேட்டா தின்னேன்னுடுவேன், இல்லன்னா பச்ச ஒடம்புக்காரின்னு பாக்காமத் திட்டும். நீ வந்து களி வாசனன்னு சொன்னப்ப நான் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். திங்கலன்னு எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நீ அதுக்கப்புறம் எம் மூஞ்சியப் பாத்தே பேசல. உனக்கு எப்படியோ தெரிஞ்சி போச்சுன்னு நெனச்சேன்டி. பெரிய படிப்பு படிக்கற, கண்டுபுடிச்சிட்டன்னு. இன்னிக்கு நீ பேச்ச ஆரம்பிச்சதும், கேக்கத்தான் வந்துட்டன்னு நெனச்சேன்."

"நான் கேக்கறதா? உன்னையா?"

"பின்ன யார?"

இரண்டு பேரும் அழுதோம். அவள்தான் முதலில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, "கன்னுக்குட்டி நல்லாக் கொழுத்துச்சி போ" என்றாள். அழுதுகொண்டே சிரித்தோம். வயிறு குலுங்கியதில் உள்ளே குழந்தை உதைத்திருக்க வேண்டும். என் கையை இழுத்து வயிற்றின் பக்கவாட்டில் வைத்தாள்.

"அன்னிக்கே போயிருந்தா பொழச்சிருக்குமா மாதி?"

இதைக் கேட்பாள் என்று பேருந்திலேயே நினைத்து, நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்றையும் சொல்லவில்லை.

"தெரியலக்கா. அந்த நோய்தானான்னே தெரியாது. ஒரு சொட்டு ரத்தம்கூட யாரும் எடுத்து வெக்கல, பாக்கறதுக்கு. தெரியாதத தெரிஞ்ச மாதிரி இன்னொரு தடவ உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

அக்கா தலையை ஆட்டினாள். என் கை அவள் வயிற்றில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"இந்தப் புள்ளைக்கும் வருமா?"

"நாலுல ஒரு பங்கு. அந்த நோயா இருந்திருந்தா. வராம இருக்க மூணு பங்கு."

"வந்துச்சுன்னா?"

"சீக்கிரம் தெரிஞ்சா அதுக்குன்னு பால் மாவு இருக்குது. சாப்பாடு பாத்துப் பாத்துக் குடுக்கணும். கஷ்டந்தான். ஆனா வளருதுங்க. டாக்டர்கிட்ட திங்கக்கெழமையே நாம ரெண்டு பேரும் போய்ச் சொல்லணும்."

"வாசன வர்ற வரைக்கும் எப்படிடி தெரியும்?"

எதற்காக வந்தேனோ அது வந்துவிட்டது. இருபத்தேழு என்று அவள் சொன்ன குரல் காதில் இருந்தது. அவளே, "சொல்லுடி, என்ன முழிக்கற" என்றாள்.

எந்தக் காரணமும் எடுத்துச் சொல்லவில்லை. படித்தவளாகச் சொல்லவில்லை. தங்கையாகத்தான் கேட்டேன்.

"வாசன வர்ற வரைக்கும் வேணாம்க்கா. பொறந்த ரெண்டாம் நாள் குதிகால்ல ஒரே ஒரு குத்து. ஒரு சொட்டு. வெந்நீர்த் துணி சுத்தி நானே கால சூடு பண்ணித் தர்றேன், குத்தும்போது நானே புடிச்சுக்கறேன். எடுக்க உடுக்கா."